பீரோ வாங்கப் போன இடத்தில் ஒரு பாட்டுப்பெட்டி

என் அக்காவோடு கடைக்குப் போவதற்குப் பதில் நான் நாள் முழுக்க வெயிலில் மூட்டை தூக்கிவிடுவேன். பத்துக் கடை ஏறி இறங்கினாலும் எதையும் வாங்க மாட்டாள். பிடிக்கவில்லை என்றும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், கடைக்காரர் முகத்தை ஒரு தடவை பார்ப்பாள், பிறகு "பார்க்கலாம்" என்பாள். நம் ஆட்கள் வாயில் 'பார்க்கலாம்' வந்தால் என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். மாட்டேன் என்பதற்கு அது மரியாதையான பெயர். எங்கள் தெருவில் அவளுக்கு 'பார்க்கலாம் அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. துணிக்கடையில் அவள் தலை தெரிந்தால் விற்கிற பெண்கள் மடித்து வைத்ததைப் பிரிக்கவே யோசிப்பார்கள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை, பார்க்கிற வேலை அப்படி. சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கர். நீளமான மேஜை, தலைக்கு மேலே குழல் விளக்கு, சுற்றிலும் தையல் மெஷின்களின் இரைச்சல். தைத்த சட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவள் முன்னால் வந்து விழும். காலர் நுனி இரண்டும் ஒரே அளவா, பட்டன் துளையில் பிசிறு இருக்கிறதா, பக்கத் தையல் எங்காவது விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை உண்டா என்று பார்க்க வேண்டும். குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டித் தனிக் குவியலில் போட வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறாள்.

சாயங்காலம் ஆனால் அந்தக் கண்ணைக் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வர அவளுக்குத் தெரியாது. அதுதான் தொல்லை. கண்ணாடித் தம்ளரில் இருக்கும் மயிரிழை விரிசல், என் பேன்ட்டின் ஓரத்தில் தொங்கும் நூல், மகள் தலையில் கோணலாகப் போன வகிடு எல்லாம் வாசலில் நுழையும்போதே அவள் கண்ணில் பட்டுவிடும். ஸ்டிக்கர் தாளையும் கைப்பையில் போட்டுக்கொண்டே திரிவாள். ஒருநாள் என் வண்டியின் கதவில் மூன்று அம்பு ஒட்டியிருந்தது. நான் அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

அக்காவின் வீட்டில் பீரோ கிடையாது. துணியெல்லாம் கதவுக்குப் பின்னால் ஆணியில், நாற்காலி முதுகில், கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் என்று ஊரெல்லாம் சிதறிக் கிடக்கும். மகள் கல்லூரிக்குக் கிளம்பும் நேரத்தில் ஏதாவது ஒன்று காணாமல் போய், காலையில் வீடு இரண்டுபடும். என் மாமா, அதாவது அக்காவின் கணவர், ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிறவர். நாள் முழுக்க 'எத்தனாவது மாடி' என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், வீட்டில் அவர் பேசுவது இரண்டே சொல்தான். 'உன் இஷ்டம்.' கல்யாணமான எந்தப் பெண்ணை வேண்டுமானாலும் கேளுங்கள், புருஷன் வாயிலிருந்து வரும் 'உன் இஷ்டம்' எவ்வளவு பெரிய முட்டுக்கட்டை என்று சொல்வாள். அப்பேர்ப்பட்ட மனுஷனே பீரோ விஷயத்தில் "வாங்கிடு" என்று சொல்லிவிட்டார். அதனால் பீரோ வாங்குவது முடிவாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

விற்கிறவர் ஒரு வக்கீலம்மா. தொழிலை விட்டுவிட்டுத் தங்கையோடு போய் இருக்கப் போகிறார். வாடகை வீட்டைக் காலி செய்வதால் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். என்னிடம் சரக்கு வண்டி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா என்னை எழுப்பி இழுத்துக்கொண்டு போனாள்.

"எதுன்னாலும் சீக்கிரம் சொல்லுங்க," என்றார் வக்கீலம்மா. "வெள்ளிக்கிழமை வீட்டு ஓனர்கிட்ட சாவி கொடுத்துடணும். அதுக்குள்ள எல்லாத்தையும் காலி பண்ணியாகணும்."

பீரோ நல்ல பீரோ. அக்கா கதவைத் திறந்து மூடினாள், கீல் முனகுகிறதா என்று காது வைத்துக் கேட்டாள், குனிந்து அடியில் துருவைத் தேடினாள். மூன்று இடத்தில் அம்பு ஒட்டினாள்.

"இது என்னம்மா?"

"குறை மேடம்."

"சாட்சியத்தோடதான் வந்திருக்கீங்க," என்று வக்கீலம்மா சிரித்தார். எனக்கு மானம் போயிற்று.

அப்போதுதான் அக்கா மூலையில் போர்வை போட்டு மூடியிருந்ததைப் பார்த்தாள். அது என்ன என்று கேட்டாள். வக்கீலம்மா போர்வையை இழுத்தார். மரப்பெட்டி ஒன்று, அதன்மேல் வெல்வெட் ஒட்டிய வட்டத் தட்டு, பக்கத்தில் வளைந்த கைப்பிடி, எல்லாவற்றுக்கும் மேலே பெரிய பூப்போல வாயைத் திறந்த பித்தளைக் குழாய். நான்கூட ஒரு நிமிஷம் அசந்துதான் போனேன்.

"ஒரு கட்சிக்காரர் கொடுத்தது. கேஸு ஜெயிச்ச சந்தோஷத்துல தூக்கிட்டு வந்துட்டார்," என்றார் வக்கீலம்மா.

"கரண்டு எங்க போடணும்?" என்று நான் கேட்டேன்.

"கரண்டெல்லாம் வேண்டாம். சுத்தி விட்டாப் போதும், பாடும்."

கைப்பிடியை வைத்துச் சுற்றினார். ஒரு இசைத்தட்டை வைத்தார். முள்ளை மெதுவாக இறக்கினார். முதலில் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் விழுந்த மாதிரி ஒரு சத்தம். பிறகு அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் எழுந்து வந்தது. என்ன பாட்டு, என்ன சொல் என்று எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. ஆனால் அந்தக் குரல் குழாய்க்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு நம் முகத்தைப் பார்த்துப் பாடுகிற மாதிரி அவ்வளவு பக்கத்தில் இருந்தது. சுவரோடு சுவராகச் சாய்ந்திருந்த கட்டில் சட்டத்தில்கூட அது அதிர்ந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். அடுத்த ஸ்டிக்கரை உரித்துக் கட்டைவிரலில் வைத்திருந்தாள். அதை எங்கே ஒட்டுவது என்பதையே மறந்து நின்றுகொண்டிருந்தாள். கை இரண்டும் சும்மா தொங்கின. பிறந்ததிலிருந்து நான் அவள் கையைச் சும்மா பார்த்ததில்லை.

பாட்டு முடிந்ததும் ஆள் மாறிவிட்டாள். குனிந்தாள், தடவினாள், ஆரம்பித்தாள். குழாய் ஒடுங்கியிருக்கிறது. பெட்டியில் ஒரு மூலை பெயர்ந்திருக்கிறது. வெல்வெட்டைப் பூச்சி அரித்திருக்கிறது. கைப்பிடியின் கட்டை வெடித்திருக்கிறது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

"ஸ்டிக்கர் ஒட்டலையா?" என்றார் வக்கீலம்மா.

அக்கா கட்டைவிரலைப் பார்த்தாள். "பார்க்கலாம் மேடம்," என்றாள். பீரோவுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பார்க்கலாம். வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பினேன். எனக்கு வந்த கோபத்துக்கு ஹார்னைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

பாதி வழியில் அவளாகவே வாயைத் திறந்தாள்.

"அந்தப் பாட்டு ஓடுறப்போ என் கண்ணு எதையும் தேடலடா."

"என்னக்கா சொல்ற?"

"எப்பவும் எதையாவது தேடிக்கிட்டே இருக்கும். தூங்கறப்பகூட. அந்தப் பாட்டு முடியற வரைக்கும் சும்மா இருந்துச்சு. கண்ணு சும்மா இருந்தா இப்படித்தான் இருக்குமான்னு ஆச்சரியமா இருந்துச்சு."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. "அப்போ வாங்கிடு. வண்டியத் திருப்பவா?"

"கையில இருக்கற காசு ஒண்ணுக்குத்தான் வரும். பீரோன்னா துணி வைக்க. இது எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது?"

அவள் இத்தனை வருஷமாக வாங்கிய எல்லாவற்றுக்கும் ஒரு 'எதுக்கு' இருந்தது. மகளுக்கு, வீட்டுக்கு, புருஷனுக்கு, வருகிறவர்களுக்கு. தனக்குப் பிடித்திருக்கிறது என்ற காரணத்துக்காக ஒரு செருப்பு வாரைக்கூட அவள் வாங்கி நான் பார்த்ததில்லை. இப்போது கேள்வி பீரோவா பெட்டியா என்பதில்லை, இந்த ஜென்மத்தில் ஒரு தடவையாவது எனக்கு வேண்டும் என்று இவள் வாய் சொல்லுமா என்பதுதான். அவளைவிட எனக்கு அது முக்கியமாகிவிட்டது.

அந்த வாரம் அவளுக்கு யாரோ சாவி கொடுத்துவிட்ட மாதிரிதான் இருந்தாள். ஒரு நாளைக்கு நாலு தடவை எனக்குப் போன் செய்வாள். ஜன்னல் ஓரத்தை நாடா வைத்து அளந்துவிட்டாளாம், பெட்டி சரியாக நிற்குமாம். போனை வைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டு, மழைச் சாரல் அடித்தால் மரம் ஊதிவிடுமே, வேண்டாம் என்பாள். முள் தேய்ந்துபோனால் புது முள்ளுக்கு எங்கே போவது என்று ஒருநாள் கவலை. நான் வேலையை விட்டுவிட்டு வாத்தியக் கடை ஒன்றில் விசாரித்து, டப்பா டப்பாவாக இன்னும் வருகிறது என்று சொன்னேன். "அப்படியா," என்ற குரலில் உச்சி குளிர்ந்தது தெரிந்தது. உடனே, "பார்க்கலாம்," என்று வைத்துவிட்டாள். கம்பெனியில் சட்டையைப் பார்க்கும்போது ஏதோ முனகுகிறாள் என்று பக்கத்து மேஜைக்காரி என் மனைவியிடம் சொன்னாளாம். இரைச்சலில் என்ன ராகம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டிலும் லேசாகப் பேச்சை விட்டுப் பார்த்திருக்கிறாள்.

"அதுக்குள்ள துணி மடிச்சு வைக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறாள் மகள்.

மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாராம், "உன் இஷ்டம்."

"பாத்தியா, மாமாவுக்குப் பிடிக்கல," என்றாள் அக்கா போனில். எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. இந்த முறை மாமா மேல்.

வியாழக்கிழமை டீ இடைவேளையில் அவளுக்குப் பொறுக்கவில்லை. கம்பெனிப் படிக்கட்டில் நின்றுகொண்டு வக்கீலம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறாள். உள்ளே மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்க, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "மேடம், அந்தப் பாட்டுப்பெட்டி..." என்று இழுத்திருக்கிறாள்.

"பெட்டியா? இப்பத்தாம்மா சாவி கொடுத்தேன். ஆளு வந்திருக்காங்க, அப்புறம் பேசறேன்," என்று சொல்லி வக்கீலம்மா வைத்துவிட்டார்.

அடுத்த நிமிஷம் எனக்குப் போன். "போச்சுடா. ஒருநாள் முன்னாடியே சாவி கொடுத்துட்டாங்களாம். வீட்டக் காலி பண்ணிட்டாங்க. எல்லாத்தையும் யாரோ ஏத்தறாங்க போல. நீ வண்டிய எடு."

இத்தனை வருஷத்தில் பாதி நாளில் கிளம்ப அனுமதி கேட்டதே இல்லை அவள். சூப்பர்வைசர் பயந்துபோய், யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாராம். இவள் பதில் சொல்லாமலே இறங்கி வந்துவிட்டாள். கம்பெனி மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. உடம்பெல்லாம் நூல் பிசிறு. வண்டியில் ஏறியதும் என்னைத் திட்ட ஆரம்பித்தாள்.

"ஏண்டா உருட்டற? மிதி."

"சிக்னல் போட்டிருக்குக்கா."

"உன்னச் சொல்லி என்ன. எனக்குத்தான் எதையும் எடுக்கத் துப்பு இல்ல. பாத்துப் பாத்தே எல்லாம் போகுது." ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்கள் வீட்டில் யாருமே அவளிடம் உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டதில்லை என்பது அந்த சிக்னலில்தான் எனக்கு உறைத்தது. நானும் கேட்டதில்லை.

வக்கீலம்மா வீட்டு வாசலில் லாரி எதுவும் இல்லை. மாடிப்படியில் கால் வைத்தோம். மேலேயிருந்து அந்தக் குரல் வந்தது, அதே எண்ணெய்ச் சட்டிச் சத்தத்தோடு.

அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். அப்புறம் அவள் ஏறிய வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை.

உள்ளே பெட்டி பாடிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு லாட்ஜ் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சாவி கொடுத்துட்டேன்னு சொன்னீங்களே மேடம்," என்றாள் அக்கா, மூச்சு வாங்க.

"ஆமா. சார் பாட்டுப் போட்டுக் காட்டச் சொன்னார். சாவி கொடுக்காம எப்படிம்மா பாடும்?" என்றார் வக்கீலம்மா.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். வேறு நேரமாக இருந்தால் இதை வைத்து நான் அவளை ஒரு மாதம் ஓட்டியிருப்பேன்.

லாட்ஜ் முதலாளிக்கு எங்கள் மேல் அக்கறை இல்லை. பாட்டு முடிவதற்குள்ளேயே முள்ளைத் தூக்கி வைத்துவிட்டுப் பேரத்தைத் தொடர்ந்தார். "வரவேற்பு மேஜையில வைக்கத்தான் மேடம். உள்ள இருக்கற மெஷினைக் கழட்டிட்டு, குழாய்ல பூங்கொத்து சொருகினா அம்சமா இருக்கும். ஆனா பாருங்க, குழாய் ஒடுங்கியிருக்கு. நீங்க விலையப் பாத்துச் சொல்லணும்."

"ஒடுங்கினா என்ன, சத்தம் சுத்தமா வருதே," என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அக்கா.

அவர் பொருட்படுத்தவில்லை. "மூலை வேற பேந்திருக்கு."

"சுவத்துப் பக்கமா திருப்பி வெச்சா யாருக்குத் தெரியும்?"

"துணியெல்லாம் பூச்சி அரிச்சிருக்கு பாருங்க."

"அதுக்கு மேலதான தட்டு உக்காரப் போகுது. எங்க கம்பெனில ஒரு துண்டு வெல்வெட்டு கேட்டா கொடுப்பாங்க. அரை மணி நேர வேலை."

"கைப்பிடி வெடிச்சிருக்கு."

"வெடிச்சது கட்டை. உள்ள இரும்பு கிண்ணுன்னு இருக்கு. சுத்தறது இரும்புதான், கட்டை இல்ல."

எனக்குப் புல்லரித்தது. நான்கு நாளைக்கு முன் இதே குறைகளை இதே வரிசையில் அடுக்கியவள் இவள்தான். ஆயுசு பூராவும் குறை கண்டுபிடித்த வாய், ஒவ்வொரு குறைக்கும் முன்னால் போய் நின்று அதை மறைத்துக்கொண்டிருந்தது. மேல்கோட்டுப் பையிலிருந்து ஸ்டிக்கர் தாள் எட்டிப் பார்த்தது. அதை அவள் தொடவே இல்லை.

லாட்ஜ் முதலாளி எரிச்சலோடு வக்கீலம்மா பக்கம் திரும்பினார். "இவங்க யாரு மேடம், உங்க புரோக்கரா?"

"என் தரப்பு வக்கீல்," என்றார் வக்கீலம்மா. சிரிக்காமல்தான் சொன்னார். பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டார். "வாதம் நல்லாத்தான் இருக்கு. எடுத்துக்கறீங்களா, இல்லையா? நீங்கதான் முதல்ல பாத்தீங்க, அதனால உங்களக் கேக்கறேன்."

அக்கா பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டவில்லை. இதை அவளேதான் சொல்ல வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"பார்க்கலாம்," என்றாள் அக்கா.

எனக்கு உயிரே போய்விட்டது. லாட்ஜ் முதலாளி பர்ஸை எடுத்துவிட்டார்.

"வண்டியில ஏத்திப் பார்க்கலாம்," என்றாள் அக்கா, கொஞ்சம் சத்தமாக. "வீட்டுல வெச்சுப் பார்க்கலாம் மேடம். எனக்கு இது வேணும்."

அதற்கு மேல் அங்கே என்ன நடந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. வெறுங்கையோடு போக மனமில்லாமல் லாட்ஜ் முதலாளி பீரோவை வாங்கிக்கொண்டார் என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் மூன்று சிவப்பு அம்புகளோடு அதை இறக்க நானும் ஒரு கை கொடுத்தேன். பாட்டுப்பெட்டியைப் பின்னால் வைக்க அக்கா சம்மதிக்கவில்லை. குழாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பெட்டியை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து, மேட்டிலும் பள்ளத்திலும் அதை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதோடு வந்த இசைத்தட்டுகள் நாலும் என் சட்டைக்கு மேல் இருந்தன, சட்டை என் உடம்பில் இல்லை. வழி நெடுக நான் பனியனோடு ஓட்டினேன். ஒரு தட்டுகூடக் கீறக் கூடாதாம்.

வீடு நெருங்க நெருங்க அவள் பேச்சு குறைந்தது. படியேறும்போது, "மாமா என்ன சொல்வாரோ," என்றாள்.

வீட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள். பீரோவுக்காகச் சுவரோரம் ஒதுக்கிப் பெருக்கி வைத்திருந்தாள் மகள். நான் பெட்டியை ஜன்னல் பக்கம் இறக்கினேன்.

"பீரோ எங்கம்மா?"

"பீரோ பாடாது," என்றாள் அக்கா.

"அம்மா, விளையாடாத. இது எதுக்கு?"

வாரம் முழுக்க அவளைத் தின்றுகொண்டிருந்த கேள்வி. அக்கா குழாயை அதன் இடத்தில் பொருத்தி, திருகிக்கொண்டே பதில் சொன்னாள். "எதுக்கும் இல்ல. எனக்குப் பிடிச்சிருக்கு."

மாமா பேப்பரைக் கீழே வைத்தார். 'உன் இஷ்டம்' வருகிறதா என்று நான் காத்திருந்தேன், வரவில்லை. எழுந்து வந்து பெட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு, நாற்காலி முதுகில் கிடந்த துணிக் குவியலைத் தூக்கிக் கட்டிலில் போட்டார். அந்த நாற்காலியை இழுத்துப் பெட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அக்கா அவசரத்தில் கைப்பிடியை அரைகுறையாகத்தான் சுற்றினாள். தட்டை வைத்தாள், முள்ளை இறக்கினாள். குரல் எழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மகள் கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்ததை நான் பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதிப் பாட்டில் அந்தப் பெண் குரல் தடித்தது. இழுத்தது. சளி பிடித்த ஆம்பிளைக் குரலாகி, தூங்கி வழிகிற எருமைக் குரலாகி, இறங்கிக்கொண்டே போனது.

"கீழ போகுது, கீழ போகுது," என்று மாமா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். பாய்ந்து கைப்பிடியைப் பிடித்து இரண்டு கையாலும் சுற்றினார். எருமை ஆம்பிளையாகி, ஆம்பிளை பெண்ணாகி, குரல் ஏறிக்கொண்டே வந்தது. மாமா நிமிர்ந்து, பழக்க தோஷத்தில் ஆஸ்பத்திரிக் குரலில் சொன்னார், "மேல போகுது. கதவோரம் நிக்காதீங்க."

அக்கா சிரித்தாள். சிரிப்பு என்றால், சுவரில் கை வைத்து, குனிந்து, கண்ணில் நீர் முட்ட, வாய் முழுக்கத் திறந்து. மாமா கைப்பிடியை விடாமலே அவளைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன், என்னால் தாங்க முடியவில்லை.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்றாள், "உனக்குத் தெத்துப்பல் இருக்கா?"

கல்லூரி போகிற பெண் கேட்கிறாள். எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அக்கா கையால் வாயைப் பொத்தப் போனாள், பாதியில் கையை இறக்கிவிட்டாள்.

"இந்தப் பக்கமும் ஒண்ணு இருக்கு, பாரு," என்று உதட்டை விலக்கிக் காட்டினாள்.